பள்ளி மிதிவண்டியின் கார்பன் கணக்கு

மிதிவண்டி ஓடும்போது புகை கக்குவதில்லை என்பதாலேயே, அது உருவாகும்போது வெளியாகும் புகையைப் பற்றிய கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாமல் இருந்துவிட்டது. ஒரு காரின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பகுதி அது எரிக்கும் பெட்ரோலிலிருந்தோ டீசலிலிருந்தோ வருகிறது. மிதிவண்டிக்கோ, அது கடைவாசலை அடையும் முன்பே உமிழ்வின் மிகப் பெரும் பங்கு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. இரும்புத் தாதை உருக்கும் ஊதுலையிலும், தகட்டை உருட்டிக் குழாயாக்கும் ஆலையிலும், ரிம்முக்கு நிக்கலும் குரோமியமும் ஏற்றும் மின்முலாம் தொட்டியிலும், பெயிண்டைச் சுட்டு இறுக்கும் அடுப்பிலும், ரப்பரை டயராக்கும் சூடான அச்சிலுமாக அது சிதறிக் கிடக்கிறது. சட்டம், ஃபோர்க், ரிம், ஸ்போக்ஸ், ஹப், கிராங்க், பெடல், செயின், ஃப்ரீவீல், பிரேக், டயர், டியூப் என்று பலரிடமிருந்து வாங்கிப் பூட்டப்படும் பொருள் என்பதால், மிதிவண்டியின் சூழல் கணக்கு பெரிதும் அதன் உதிரிபாகங்களின் கணக்காகவே அமைகிறது. வண்டியின் மீது தன் பெயரை ஒட்டும் நிறுவனத்திடம் அக்கணக்கின் சிறு பகுதியே இருக்கும். எஞ்சியது யாரிடம் இருக்கிறது, அதை வெளியிடும் கடமை யாருக்கு உண்டு, அதைக் கேட்கும் வலிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்களையும் தமிழ்நாட்டின் பள்ளி மிதிவண்டியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-க்குப் பின் விரிவுபடுத்தப்பட்டு, இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்குச் சென்று சேர்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகளை ஒரே கொள்முதலாக வாங்கும் அரசுக்கு நிகரான வாங்குநர்கள் இந்திய மிதிவண்டிச் சந்தையில் மிகச் சிலரே. திருவண்ணாமலை மாவட்டம் இத்திட்டத்தை நின்று பார்ப்பதற்கு ஏற்ற இடம். வெளியூர் மக்களின் மனத்தில் அருணாசலேசுவரர் கோயிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையுமே முதலில் எழும் என்றாலும், மாவட்டத்தின் பெரும்பரப்பு செங்கம், போளூர், கலசப்பாக்கம், வந்தவாசி, செய்யாறு என விரியும் வேளாண் நிலமும் ஜவ்வாது மலையின் சரிவுகளுமாகும். மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்வரும் வழியாக இவ்வண்டி இருக்கிறது. இதே மாவட்டத்தில்தான், பின்னர் விளக்கப்படவிருப்பதுபோல, எஃகுக்குரிய தாது பொதிந்த மலைகளும் உள்ளன. உலகச் சந்தைக்குப் பொருள் செய்து அனுப்பும் தொழிற்சாலைகளும் உள்ளன.

முதலில் அடிப்படைச் சொற்களை விளக்கிக்கொள்வது நல்லது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் முதலிய வெப்பம் பிடித்துவைக்கும் வாயுக்களைப் பசுமை இல்ல வாயுக்கள் என்பர். அவை ஒவ்வொன்றும் புவியை வெப்பமாக்கும் அளவில் வேறுபடுவதால், அனைத்தையும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான எடையாக மாற்றிக் கூட்டுவது மரபு. நிறுவனங்கள் இக்கணக்கைப் போடுவதற்கான பொது நெறியை உலக வளங்கள் நிறுவனமும் நிலைத்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் இணைந்து 2001-இல் வெளியிட்டன. அந்நெறி உமிழ்வை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. ஒரு ரிம் ஆலை தன் கொதிகலனிலும் ஜெனரேட்டரிலும் எரிக்கும் எரிபொருளால் வருவது முதல் நிலை. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தை எங்கோ ஓர் அனல்மின் நிலையம் உற்பத்தி செய்யும்போது வருவது இரண்டாம் நிலை. அது வாங்கும் எஃகுத் தகடு, நிக்கல், அட்டைப்பெட்டி, லாரிப் போக்குவரத்து, விற்ற பொருளின் இறுதிக் கழிவு ஆகியவற்றால் வருவதெல்லாம் மூன்றாம் நிலை. 2011-இல் வெளிவந்த தனி நெறி இந்த மூன்றாம் நிலையை 15 வகைகளாக வகுத்தது. ஒருவரின் மூன்றாம் நிலை மற்றொருவரின் முதல் நிலையாக இருக்கும் என்பது இதில் கவனிக்கத்தக்கது. எஃகு ஆலையின் புகை அந்த ஆலைக்கு முதல் நிலை, அதன் எஃகை வாங்கிச் செயின் செய்பவருக்கு மூன்றாம் நிலை. பொருளை வாங்கிப் பூட்டி விற்கும் தொழில்களில் மொத்த உமிழ்வின் பெரும்பகுதி இம்மூன்றாம் நிலையில்தான் தங்குகிறது. மிதிவண்டித் தொழில் அவ்வகையைச் சேர்ந்தது.

இந்தியாவில் இத்தகைய கணக்கைக் கட்டாயமாகக் கேட்கும் அமைப்பு பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி ஆகும். 2012-இல் சந்தை மதிப்பில் முன்னிலை வகித்த 100 நிறுவனங்களிடம் பொறுப்பு அறிக்கை ஒன்றைக் கேட்டுத் தொடங்கிய அது, 2021 மே மாதம் பி.ஆர்.எஸ்.ஆர். எனப்படும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை முறையை அறிவித்து, 2022-23 நிதியாண்டு முதல் முன்னணி 1000 நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இந்த அறிக்கையில் முதல் நிலையும் இரண்டாம் நிலையும் அனைவரும் தரவேண்டிய அடிப்படைத் தகவல்கள். மூன்றாம் நிலையோ விரும்புவோர் மட்டும் தரும் மேல்தகவல். 2023 ஜூலையில் வந்த கூடுதல் விதிகள், சில முதன்மை எண்களை வெளியார் ஒருவர் சரிபார்த்து உறுதியளிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கொண்டுவந்தன. பொருள் வழங்குநர்களின் தகவலையும் சேர்க்கச் சொன்னன. ஆனால் 2025 மார்ச்சில் அப்பகுதி தள்ளிவைக்கப்பட்டு விருப்பத்துக்குரியதாக ஆக்கப்பட்டது. நிறுவனத்தின் மொத்தக் கொள்முதலிலோ விற்பனையிலோ தனியொருவராக 2 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குடையவரே வழங்குநர் தொடரில் கணக்கில் கொள்ளப்படுவர் என்ற வரம்பும் வகுக்கப்பட்டது.

இந்த வரம்பு மிதிவண்டித் தொழிலின் அமைப்போடு எப்படி மோதுகிறது என்பதை அம்பத்தூரின் வரலாறு நன்கு காட்டுகிறது. 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாகச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது அவ்வழியே. ஆவடியில் 1955-இல் குழாய் ஆலையும், பின்னர் செயின் ஆலையும் அதே குழுமத்தில் உருவாயின. இன்றைய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனம். செபியின் விதிக்கு உட்பட்டது. ஆனால் அது துல்லியக் குழாய், செயின், வாகனங்களுக்கான உலோகப் பாகங்கள், மிதிவண்டி என்று பல தொழில்களை ஒரே கூரையின்கீழ் நடத்துவது. செபி கேட்பது நிறுவனம் முழுவதற்குமான எண். ஒரு பொருளுக்கான எண்ணை அது கேட்பதில்லை. எனவே ஒரு பள்ளி மிதிவண்டிக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்பதை அந்த அறிக்கை முறையிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. பல தொழில்களுக்கும் சேர்த்துப் பெருந்தொகைக்குப் பொருள் வாங்கும் அத்தகைய நிறுவனத்துக்குப் பெடல் செய்து தரும் ஒரு சிறு பட்டறை 2 விழுக்காட்டு வரம்பை எட்டுவது எண்ணிப்பார்க்க இயலாதது.

தொழிலின் மையமோ பஞ்சாபின் லூதியானாவில் இருக்கிறது. 1956-இல் முஞ்சால் சகோதரர்கள் நிறுவிய ஹீரோ சைக்கிள்ஸ், ஏவான் முதலிய தயாரிப்பாளர்களும், அவர்களைச் சூழ்ந்து ஹப், கோன், கப், அச்சு, ஃப்ரீவீல், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு என ஒவ்வொரு சிறு பாகத்தையும் தனித்தனியே செய்யும் எண்ணற்ற பட்டறைகளும் அங்கே உள்ளன. இவர்களில் பெரும்பாலோர் குடும்ப நிறுவனங்கள், பங்குச்சந்தைக்கு வராதவர்கள், ஆகவே செபியின் கண்ணுக்கு எட்டாதவர்கள். மறுபுறம் டாடா ஸ்டீல், ஜே.எஸ்.டபிள்யூ., செயில் போன்ற எஃகு உற்பத்தியாளர்கள் பட்டியலிடப்பட்டவர்கள் என்பதால் தங்கள் உமிழ்வை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். தொடரின் தொடக்கத்தில் எண் இருக்கிறது. நடுவில், உதிரிபாகம் உருவாகும் இடத்தில், அது அறுந்துபோகிறது. வெளிப்படுத்தும் கடமையைச் சந்தை மதிப்பைக் கொண்டு தீர்மானித்ததன் விளைவு இது. முதலீட்டாளரைக் காக்க வேண்டிய அமைப்பு அப்படித்தான் தீர்மானிக்கும் என்பதால் செபியைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் அதன் அறிக்கை முறையே நாட்டின் கார்பன் வெளிப்படைத்தன்மை முழுவதையும் தாங்கிவிடும் என்று கருதுவது பெரும் பிழை.

வெளியிடப்படும் எண்களிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. நிறுவனங்கள் தங்கள் உமிழ்வை விற்பனை வருவாயால் வகுத்து, ஒரு ரூபாய்க்கு இவ்வளவு என்று காட்டுகின்றன. எஃகின் விலை உயர்ந்து, அதனால் செயினின் விலையும் உயர்ந்தால், உலையில் ஒரு கிலோ எரிபொருளும் குறையாமலே இந்த விகிதம் குறைந்துவிடும். விலை வீழ்ந்த ஆண்டில், உண்மையாகவே எரிபொருளைச் சேமித்த ஆலையும் பின்னடைந்ததுபோலத் தோன்றும். உற்பத்தி அளவால் வகுத்த விகிதத்தையும் தரவேண்டும் என்று 2023-இன் விதிகள் சொல்வது நல்ல திருத்தம். ஆனால் குழாயையும் செயினையும் மிதிவண்டியையும் ஒன்றாகச் செய்யும் நிறுவனத்தில் எந்த அளவால் வகுப்பது என்பது அப்போதும் தெளிவற்றே நிற்கிறது. இரண்டாவது சிக்கல் மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. வழங்குநரிடமிருந்து நேரடி எண் கிடைக்காதபோது, செலவழித்த பணத்தை ஒரு பொதுக் குணகத்தால் பெருக்கி உமிழ்வை மதிப்பிடுவது பரவலான வழக்கம். அந்தக் கணக்கில், பெடல் பட்டறையிடம் பேரம் பேசி விலையைக் குறைத்தாலே உமிழ்வும் குறைந்ததாகப் பதிவாகும். தரமான எஃகால் செய்த, கூடுதல் விலையுள்ள, இருமடங்கு நாள் உழைக்கும் பாகத்தை வாங்கினால் உமிழ்வு கூடியதாகத் தோன்றும். நேரடி அளவீட்டை வற்புறுத்த வேண்டியதன் முதன்மைக் காரணம் இதுதான்: மதிப்பீடு தவறான வழியில் செல்வோருக்குப் பரிசு தருகிறது.

நேரடி அளவீடு என்றால் என்ன என்பதை ஒரு செயினைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். சாதாரண மிதிவண்டிச் செயின் 12.7 மில்லிமீட்டர் இடைவெளியில் கோக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளைக் கொண்டது. ஒவ்வொரு கண்ணியிலும் பக்கத்தகடு, புஷ், ரோலர், பின் ஆகியவை உண்டு. பக்கத்தகடுகள் எஃகுப் பட்டையிலிருந்து அச்சில் வெட்டியெடுக்கப்படுகின்றன. இடுப்பு ஒடுங்கிய வடிவம் என்பதால் பட்டையின் கணிசமான பகுதி கழிவாக விழுகிறது. அதாவது செயினின் எடைக்குரிய எஃகைவிட, அதற்காக வாங்கிய எஃகு அதிகம். கணக்கில் வரவேண்டியதும் வாங்கிய எடையே. பின்னர் பாகங்கள் 800 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் கார்பன் செறிந்த வாயுச்சூழலில் வைக்கப்பட்டு, எண்ணெயில் தோய்த்துக் குளிர்விக்கப்பட்டு, மறுபடி மிதமாகச் சூடாக்கப்படுகின்றன. இந்த வெப்பப் பதப்படுத்தலே செயினுக்குத் தேய்மானத்தைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. ஆலைக்குள் எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும் இடமும் இதுதான். வாங்கிய எஃகின் எடையும் அதன் மூலமும், உலையின் எரிவாயு அளவு, மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட், விற்ற கழிவின் எடை, செய்து முடித்த செயினின் எடை என்னும் ஐந்து எண்கள் கிடைத்தால் ஒரு கிலோ செயினின் உமிழ்வை நம்பத்தக்க முறையில் கணக்கிட்டுவிடலாம். இவை எந்தப் பட்டறையின் கணக்குப் புத்தகத்திலும் ஏற்கெனவே இருப்பவை. பொருள் அளவிலான கணக்குக்கு ஐ.எஸ்.ஓ. 14067 என்னும் பன்னாட்டுத் தரநிலையும் உண்டு. கோயம்புத்தூரில் ரோலான் என்ற பெயரில் முதன்மையாக மோட்டார் சைக்கிள்களுக்குச் செயின் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ், சென்னைப் பகுதியின் டி.ஐ. குழும ஆலைகள் என, செயின் துறையில் தமிழ்நாட்டிலேயே அமைப்புசார்ந்த பெரிய உற்பத்தியாளர்கள் இருப்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

மின்சாரத்தின் எண்ணில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதையும் ஒரே மின்கட்டமைப்பாகக் கொண்டு, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற அளவில் சராசரிக் குணகத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. முப்பந்தல், கயத்தாறு போன்ற இடங்களின் காற்றாலைகளில் பங்கு வாங்கித் தங்களுக்கான மின்சாரத்தைப் பெறும் வழக்கம் கோயம்புத்தூர்ப் பகுதி ஆலைகளில் வேரூன்றியது. 2005-ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கூட்டாக 26 விழுக்காடு பங்கு வைத்திருந்து 51 விழுக்காடு மின்சாரத்தை நுகர்ந்தால் அது சொந்த உற்பத்தியாகக் கருதப்படும். இத்தகைய ஆலை சராசரிக் குணகத்தால் கணக்கிட்டால் ஒரு விடையும், தன் ஒப்பந்தத்தின்படி கணக்கிட்டால் மிகக் குறைந்த வேறொரு விடையும் கிடைக்கும். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே; எந்த முறையில் போட்ட எண் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தருவதுதான் வாசகரைத் திசைதிருப்புவது. காற்று மிகுதியாக வீசும் மாதங்களும் வீசாத மாதங்களும் தமிழ்நாட்டில் தெளிவாகப் பிரிந்திருப்பதால், ஆண்டுச் சராசரி மறைத்துவிடும் செய்தியும் சிறிது உண்டு.

இருப்பினும் பள்ளி மிதிவண்டியின் கணக்கில் மலைபோல் நிற்பது எஃகுதான். இந்தியாவில் ஒரு டன் கச்சா எஃகுக்குச் சராசரியாக 2.5 டன்னை ஒட்டிய கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; இது உலகச் சராசரியைவிட மிகுதி. நிலக்கரியைக் கொண்டு கடற்பஞ்சு இரும்பு செய்யும் உலைகள் இங்கே அதிகம் என்பது இதற்கொரு காரணம். அதே வேளையில், பஞ்சாபின் மண்டி கோபிந்த்கர் போன்ற ஊர்களில் பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கி மீண்டும் உருட்டும் ஆலைகள் உள்ளன. பழைய இரும்பை மட்டும் உருக்கினால் உமிழ்வு இச்சராசரியின் ஒரு சிறு பங்காக ஒடுங்கிவிடும். ஆகவே கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு ரிம்களின் உமிழ்வு, அவற்றின் எஃகு எந்த உலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துப் பல மடங்கு வேறுபடலாம். வாங்குபவருக்கு இன்று இதைத் தெரிந்துகொள்ளும் வழி கிடையாது. இந்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட பசுமை எஃகு வகைப்பாடு, ஒரு டன் முடிவுற்ற எஃகுக்கு 2.2 டன்னுக்கும் குறைவான உமிழ்வுடையதைப் பசுமை எஃகு என வரையறுத்து, 1.6 டன்னுக்கும் கீழே இருப்பதற்கு ஐந்து நட்சத்திரம் என்று தரம் பிரித்தது. உலோகத்தோடு ஒரு சான்றிதழும் கைமாறக்கூடிய வாய்ப்பை முதன்முதலாக அது உருவாக்கியிருக்கிறது.

எஃகின் மூலத்தை அறிவது வெறும் கார்பன் கணக்குக்காக மட்டுமன்று என்பதைத் திருவண்ணாமலை மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். நகரத்தை அடுத்துள்ள கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் மேக்னடைட் வகை இரும்புத் தாது படிந்துள்ளது. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் வழியே அதை வெட்டியெடுத்துச் சேலம் பகுதி எஃகு ஆலைக்குப் பயன்படுத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, காப்புக் காட்டையும் நீராதாரங்களையும் மேய்ச்சலையும் வழிபாட்டு இடங்களையும் இழக்க நேரும் என்று சுற்றியுள்ள ஊர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றன. அவ்வெதிர்ப்பு மிகவும் நியாயமானது. ஆனால் கவுத்திமலை காக்கப்பட்டதனால் இம்மாவட்டத்துக்கு வரும் மிதிவண்டியின் எஃகு வானத்திலிருந்து வந்துவிடவில்லை. ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ கர்நாடகத்திலோ வேறொரு மலையிலிருந்தும் வேறு மக்களின் காட்டிலிருந்தும் வந்திருக்கக்கூடும். தன் மலையைக் காத்துக்கொண்ட ஊருக்கு, தன் பிள்ளைகள் ஓட்டும் வண்டியின் உலோகம் எந்த மலையினுடையது என்று கேட்கும் உரிமையும் கடப்பாடும் உண்டு என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

உலக அளவில் இத்தகைய வினாவுக்கு முதலில் விரிவாக விடை சொல்ல முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டிரெக் நிறுவனம். பங்குச்சந்தையில் இல்லாத அந்நிறுவனம், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், 2021-இல் தன் முதல் நிலைத்தன்மை அறிக்கையை வெளியிட்டு, தான் ஆராய்ந்த வண்டிகளின் சராசரி உமிழ்வு 174 கிலோ என்று அறிவித்தது. காரில் போயிருக்கக்கூடிய பயணங்களை ஏறத்தாழ 430 மைல், அதாவது 690 கிலோமீட்டர் அளவுக்கு மிதிவண்டியில் மேற்கொண்டால், அதைத் தயாரித்த உமிழ்வு ஈடாகிவிடும் என்றும் அது சொன்னது. தைவானில் ஜயண்ட் முதலிய நிறுவனங்கள் 2022-இல் நிலைத்தன்மைக்கென ஒரு கூட்டணி அமைத்தன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் 690 கிலோமீட்டர் என்ற ஆறுதலான எண்ணை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவது தவறாகும். அது கார் வைத்திருக்கும் அமெரிக்கரின் கணக்கு. ஜவ்வாது மலையடிவாரத்து மாணவி மிதிவண்டி ஏறுவதால் எந்தக் காரும் வீட்டில் நிற்பதில்லை. அவள் நடையையோ, எப்படியும் ஓடப்போகும் அரசுப் பேருந்தையோதான் விடுகிறாள். அவள் வண்டியின் உமிழ்வு ஈடாவதே இல்லை எனலாம். அது கல்விக்காகச் செய்யப்படும் செலவு. பீகாரில் 2006-இல் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள், அது உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கையை 32 விழுக்காடு உயர்த்தியதையும் ஆண்-பெண் இடைவெளியை 40 விழுக்காடு குறைத்ததையும் நிறுவினர். இவ்வளவு பெரிய பயனுக்கு இவ்வளவு சிறிய உமிழ்வு என்பதில் ஐயமில்லை. ஈடுகட்டும் வாதம் கைகொடுக்காத இடத்தில், வண்டியைச் செய்யும்போதே உமிழ்வைக் குறைப்பதும், செய்த வண்டியை நெடுநாள் உழைக்கவைப்பதும் மட்டுமே வழிகளாக எஞ்சுகின்றன.

பீகார் அரசு தொடக்கத்தில் மாணவியருக்குப் பணமாக வழங்கியது. தமிழ்நாடு வண்டியாகவே வாங்கி வழங்குகிறது. இந்த வேறுபாட்டில்தான் தமிழ்நாட்டின் வலிமை அடங்கியுள்ளது. பணத்தைப் பெற்ற தனியொருவர் கடைக்காரரிடம் எஃகின் மூலத்தைக் கேட்க முடியாது. 5 லட்சம் வண்டி கேட்கும் ஒப்பந்தப்புள்ளி கேட்க முடியும். ஒரு வண்டி ஏறத்தாழ 20 கிலோ என்றும் அதன் எடை முழுவதும் எஃகே என்றும் எளிமைக்காக வைத்துக்கொண்டால், ஓராண்டுக் கொள்முதல் 10,000 டன் எஃகாகிறது, டன்னுக்கு 2.5 டன் என்ற சராசரியில் அது 25,000 டன் கார்பன் டை ஆக்சைடு. வெட்டில் விழும் கழிவும், வெப்பப் பதப்படுத்தலும், முலாமும், பெயிண்டும், டயரும் இதற்கு மேல். 2.0 டன் உமிழ்வுள்ள எஃகை வலியுறுத்தினால் மட்டும் ஆண்டுக்கு 5,000 டன் குறையும். மாநிலத்தின் மொத்த உமிழ்வோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். ஆனால் அரசின் கையெழுத்து ஒன்றால் மாறக்கூடிய எண்.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. மதிப்பிடும் அளவுகோல்களை முன்கூட்டியே ஆவணத்தில் சொல்லி, அவற்றின்படி குறைந்த மதிப்பீடு பெற்றவருக்குப் பணியைத் தரவேண்டும் என்பது அதன் சாரம். குழாயின் கனம், பெயிண்டின் தரம், டயரின் அளவு ஆகியவற்றைத் தொழில்நுட்ப விவரமாகக் கேட்கும் ஆவணத்தில் எஃகின் சான்றிதழையும் முக்கிய பாகங்களின் உமிழ்வு எண்ணையும் கேட்கத் தடையேதுமில்லை. சிறு பட்டறைகளால் இத்தகைய புதிய விதிகளைத் தாங்க முடியாது என்ற மறுப்புக்கு ஒரு முன்னுதாரணம் விடையளிக்கிறது: மிதிவண்டியில் பொருத்தும் ஒளிதிருப்பிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் பிறப்பித்தபோதும் இதே மறுப்பு லூதியானாவில் எழுந்தது, தொழில் அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் சிறு உற்பத்தியாளரின் அச்சம் முழுவதையும் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. மின்சார யூனிட்டும் வாங்கிய எஃகின் எடையும் வெளிப்பட்டால், அவர் எவ்வளவு செய்கிறார், எவ்வளவு செலவில் செய்கிறார் என்பது வாங்குநருக்கும் போட்டியாளருக்கும் தெரிந்துவிடும். அடுத்த பேரத்தில் அது அவருக்கு எதிராகவே பயன்படும். வெளிப்படைத்தன்மையின் பெயரால் வலியவர் எளியவரை ஒற்றறியும் நிலை உருவாகக் கூடாது. மூல எண்களைச் சரிபார்ப்பவரிடம் மட்டும் ஒப்படைத்து, ஒரு கிலோ பாகத்துக்கு இவ்வளவு உமிழ்வு என்ற முடிவை மட்டும் வெளியிடும் முறை இதற்குப் பொருத்தமானது. சரிபார்க்கும் செலவைப் பட்டறையின் தலையில் கட்டாமல் கொள்முதல் விலையிலேயே சேர்த்துக்கொள்வதும் நியாயம். லூதியானாவில் மிதிவண்டி, தையல் இயந்திரத் தொழில்களுக்கென ஆய்வு மேம்பாட்டு மையம் ஒன்று ஏற்கெனவே இயங்குவதால், அளவிடுவோரைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

தொழிற்சாலையின் பெயரையே மறைக்க வேண்டும் என்ற பழைய வணிக எண்ணம் பிற துறைகளில் உடைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தொழிலாளர் நிலை குறித்த கடும் எதிர்ப்புகளுக்குப் பின் நைக்கி நிறுவனம் 2005-இல் தன் வழங்குநர் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. அந்நிறுவனத்துக்குக் காலணி செய்யும் தைவானின் ஃபெங் டே குழுமத்து ஆலை, இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு சிப்காட் வளாகத்தில் உள்ளது. செய்யாற்றில் தைத்த காலணி எங்கே தைக்கப்பட்டது என்று தொலைதூர நாட்டு வாங்குநர் அறியலாம் என்னும்போது, செய்யாற்று மாணவரின் மிதிவண்டிப் பெடல் எங்கே செய்யப்பட்டது என்று அவர் பெற்றோர் அறிய முடியாதிருப்பது பெருங்குறை. மிதிவண்டித் துறையில் வழங்குநர் பட்டியல் வெளியிடும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரியும் உடனடி உந்துதல் தராது. 2023 அக்டோபரில் அறிக்கைக் காலத்தைத் தொடங்கி 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்த அவ்விதியின் முதல் பட்டியலில் எஃகுக் குழாயும் திருகாணிகளும் இருந்தன, முழு மிதிவண்டியோ அதன் பாகங்களோ அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

உழைக்கும் காலமும் வெளிப்படுத்த வேண்டிய தகவலே. நான்கு ஆண்டு ஓடும் வண்டியைவிட எட்டு ஆண்டு ஓடும் வண்டியின் ஆண்டு உமிழ்வு பாதிதான், அவை இரண்டும் ஒரே எஃகால் செய்யப்பட்டிருந்தாலும். கப்பும் கோனும் சரியாகக் கடினப்படுத்தப்படாவிட்டால் அச்சு ஆடத் தொடங்கும். ஃப்ரீவீல் பல் தேய்ந்தால் செயின் நழுவும். செங்கத்திலோ போளூரிலோ உள்ள சைக்கிள் கடைக்காரர் வாரந்தோறும் காண்பவை இவை. எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் மாற்றப்படுகிறது என்ற அறிவு அவர்களிடம்தான் குவிந்திருக்கிறது; கொள்முதல் ஆவணத்தை எழுதுவோரிடம் அது சென்று சேர்வதில்லை. மாற்றிய பாகம் பழைய இரும்புக் கடை வழியே மீண்டும் ஏதோவொரு உலைக்குத்தான் போகிறது. அப்போது மிச்சமாகும் உமிழ்வின் பெருமையைப் பழைய வண்டிக்கு எழுதுவதா புதிய எஃகுக்கு எழுதுவதா என்பதைக் கணக்கு நெறிகள் வேறுவேறு விதமாகத் தீர்க்கின்றன. இரண்டுக்குமே எழுதிக்கொள்வதை மட்டும் எந்த நெறியும் அனுமதிப்பதில்லை.

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் ஆட்சியரைத் தலைமையாகக் கொண்ட காலநிலை மாற்ற இயக்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 2070-க்கு முன்பே நிகர சுழிய உமிழ்வை எட்டுவது மாநிலத்தின் இலக்கு. ஆனால் மாநில, மாவட்டக் கணக்குகள் எல்லைக்குள் வெளியாகும் புகையை மட்டுமே எண்ணும் முறையைச் சார்ந்தவை. அம்முறையில் பள்ளி மிதிவண்டியின் எஃகு, உலை இருக்கும் மாநிலத்தின் பேரில் எழுதப்படும். திருவண்ணாமலையின் ஏட்டில் அது சுழியம். அரசு எதை வாங்குகிறது என்பது அரசின் காலநிலைக் கணக்கில் வராதவரை, ஒப்பந்தப்புள்ளியை எழுதும் துறைக்கு உமிழ்வு எண்ணைக் கேட்கும் தேவை எழாது. இக்கணக்கைத் தனியொரு துணை ஏடாக வைத்துக்கொள்வதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. அடுத்த கொள்முதலில் எல்லாப் பாகங்களுக்கும் ஒரேயடியாகக் கேட்பதைவிட, அமைப்புசார்ந்த உற்பத்தியாளர்கள் மிகுந்த சட்டக் குழாய்க்கும் செயினுக்கும் மட்டும் முதலில் எஃகுச் சான்றிதழையும் சரிபார்த்த உமிழ்வு எண்ணையும் கேட்டு, முதல் ஆண்டில் அதற்கு மதிப்பெண் எதுவும் தராமல் பதிவு மட்டும் செய்து, இரண்டாம் ஆண்டிலிருந்து மதிப்பீட்டில் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்த வரிசை. ரிம், ஸ்போக்ஸ், ஹப், பெடல் ஆகியவை பட்டறைகளுக்குப் பயிற்சியும் சரிபார்ப்புச் செலவுக்கான உதவியும் கிடைத்த பிறகு ஒவ்வொன்றாகச் சேரலாம்.